பேற்றுப் புழை: ஆப்பிரிக்க மாதர் நோயும் மருத்துவமும்

எகிப்து நாட்டில், நைல் ஆற்றின் மேற்குக் கரையிலே, தேர் எல் பகரி என்னும் இடத்தில் மன்னன் மெண்டுஹொத்தேப் எடுப்பித்த கோயில் உள்ளது. அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த ஹென்ஹெனித் என்னும் அரச குலப் பெண்ணின் பதப்படுத்திய உடலை டெரி என்னும் உடற்கூற்று அறிஞர் ஆராய்ந்து, தாம் கண்டதை 1935-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பெண் இளம் வயதினள். அவளுடைய இடுப்பெலும்புக் கூடு மிகக் குறுகியது. சிறுநீர்ப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையே பெரியதொரு துளை இருந்தது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னர் குழந்தை ஈன முயன்று துன்புற்றவள் அவள் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மேலை மருத்துவர் இந்நோயைப் 'பிஸ்டுலா' என்பர். இலத்தீன் மொழியில் அச்சொல் குழலையும் நீர்க்குழாயையும் குறிக்கும். குதத்தின் அருகே உண்டாவதைத் தமிழ் மருத்துவர் பவுத்திரம் என வழங்கினர். பேறுகாலத்தில் விளைவதற்கோ நிலைபெற்ற தமிழ்ப் பெயர் இல்லை. துளையையும் உள்ளே துளையுடைய பொருளையும் சுட்டும் 'புழை' என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருத்தலால், இங்கே 'பேற்றுப் புழை' எனக் குறிக்கப்படுகிறது. பெயரில்லாத நோயைப் பற்றிப் பேசுவாரும் இலர் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

இந்நோய் கிருமியால் வருவதன்று, தொற்றுவதும் அன்று. குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பு வளையத்தின் வழியே இறங்க இயலாமல் தடைப்படுமாயின், நோவு ஒரு நாளில் முடியாது இரண்டு, மூன்று, சில வேளைகளில் ஐந்து நாட்களும் நீளும். ஒவ்வொரு நோவின்போதும் கருப்பை குழந்தையைக் கீழே தள்ளுகிறது. ஒரு பக்கம் குழந்தையின் தலை, மறு பக்கம் தாயின் எலும்பு; இரண்டிற்கும் இடையே சிறுநீர்ப்பையின் மெல்லிய சுவர் நசுங்கிக் கிடக்கிறது. நசுங்கிய இடத்திற்குக் குருதி செல்வதில்லை. குருதி செல்லாத தசை மடிகிறது. பெரும்பாலும் குழந்தையும் வயிற்றிலேயே இறந்துபடும். இறந்தபின் அதன் தலை சற்றே தளர்வதால் ஒருவாறு வெளிப்படும். தாய் பிழைத்தாள் என்று உற்றார் ஆறுதல் கொண்டிருக்கும்போது, சில நாட்களில் மடிந்த தசை கழன்று விழ, அங்கே துளை உண்டாகிறது. அன்று முதல் இரவும் பகலும் சிறுநீர் தானே ஒழுகும். பின்புறச் சுவரும் மடிந்திருப்பின் மலமும் ஒழுகும்.

இவ்வாறு துன்புறும் பெண்கள் ஒழுக்கைக் குறைக்க எண்ணித் தண்ணீர் பருகுவதைக் குறைத்துவிடுகின்றனர். ஆனால் அதனால் சிறுநீர் செறிவடைந்து தோலைப் புண்ணாக்குகிறது, கல்லும் உண்டாகிறது. இடுப்பின் நரம்புகள் நசுங்கிய சிலருக்குப் பாதம் தொங்கி, நடையே அற்றுப் போகும். நாற்றம் கருதிக் கணவன் விலக்குவதும், பெண் தனிக் குடிசையில் ஒதுங்கி வாழ்வதும் மருத்துவர் பலர் எழுதி வைத்த செய்திகள். இத்தகையோர் எத்துணைப் பேர் என்று திட்டமாக எண்ணியவர் இலர். முந்தைய மதிப்பீடுகள் இருபது லட்சத்திற்கு மேல் என்றன. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் ஐந்து லட்சம் என்கிறது. ஒளிந்து வாழ்பவரை எண்ணுவது எங்ஙனம்?

இளவயது மணமே இதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. பெண் பூப்பெய்திய பின்னரும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் வளர்கிறது. உயரம் நின்ற பின்பும் அவ்வளையம் அகலுகிறது. நைஜர் நாட்டில் பெண்களுள் நான்கில் மூவர் 18 வயதிற்கு முன்னரே மணம் செய்விக்கப்பட்டவர் என்னும் செய்தியை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். இளம் பெண்களுக்குக் கரு உண்டானால் சிறுநீர்ப்பை கிழிபடக்கூடும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனா எச்சரித்து, அத்தகையோர் கருவுறாமல் இருக்க வழி கூறுமாறு மருத்துவர்க்கு அறிவுறுத்தினார். எதியோப்பியா 2000-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தால் மண வயதை 18 ஆக உயர்த்தியதும் தக்கதே.

ஆயினும் காரணம் அத்துடன் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை ஐரோப்பியப் பெண்கள் இருபத்தைந்து வயதை ஒட்டியே மணந்தனர். எனினும் இந்நோய் அங்கும் பரவலாக இருந்தது. வெயில் காணாத தொழில் நகரங்களில் எலும்புருக்கம் என்னும் ரிக்கெட்ஸ் நோயால் பெண்களின் இடுப்பெலும்பு கோணிக் குறுகியிருந்தது. ஆப்பிரிக்காவிலும் பல குழந்தைகளைப் பெற்ற நடுவயதுப் பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். தலை தடைப்படுவது எந்நாட்டிலும் எவ்வயதிலும் நேரக்கூடியதே. உரிய நேரத்தில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் மருத்துவம் கிடைக்கும் இடத்தில் அது ஓர் இரவின் கவலையாக முடிகிறது. கிடைக்காத இடத்தில் வாழ்நாள் துன்பமாகிறது. பழியை மணவயதின்மேல் மட்டும் சுமத்துவோர் சாலையையும் மருத்துவமனையையும் மறந்துவிடுகின்றனர்.

புழையைத் தைத்து மூடும் முறை பயன்பட்ட வரலாறு இன்பமான வரலாறு அன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் 1845 முதல் 1849 வரை ஆப்பிரிக்க அடிமைப் பெண்களின்மேல் அதனைச் செய்து பழகினார். அவருடைய குறிப்புகளில் அனார்க்கா, லூசி, பெட்சி என்னும் மூவரின் பெயர்களே காணப்படுகின்றன. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது முறை அறுவை நடந்தது. ஈதர் கொடுத்து உணர்வு நீக்கும் முறை 1846-இல் வெளிப்பட்டும் இவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. வேண்டா என்று மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. வெள்ளிக் கம்பியால் தைத்தபோது துளை மூடிற்று. சிம்ஸ் புகழ் பெற்றார். நியூயார்க்கில் சிலை எழுந்தது. 2018-இல் அச்சிலை அவ்விடத்திலிருந்து அகற்றப்பட்டது. இன்று அம்மூவருடைய பெயர்களையும் சொல்லாமல் இவ்வரலாற்றைச் சொல்வது முறையாகாது.

எதியோப்பியாவில் இம்மருத்துவம் வேரூன்றியது கேதரின் ஹாம்லின், ரெஜினால்டு ஹாம்லின் என்னும் மருத்துவத் தம்பதியரால். ஒருவர் ஆஸ்திரேலியர், மற்றவர் நியூசிலாந்தினர். மருத்துவ இதழொன்றில் வந்த விளம்பரம் கண்டு, மருத்துவச்சியர்க்குப் பயிற்சி அளிப்பதற்காக 1959-இல் அடிஸ் அபாபா வந்தனர். மூன்று ஆண்டுகள் தங்குவதே ஒப்பந்தம். புழை நோயாளரைக் கண்டபின் அவர்கள் திரும்பவில்லை. முன்னர் இந்நோயைக் கண்டறியாதவர்களாதலால், நூல்களையும் பிற நாட்டு மருத்துவரின் குறிப்புகளையும் பயின்றே அறுவை செய்யத் தொடங்கினர். 1974-இல் இதற்கெனவே தனி மருத்துவமனை அமைத்தனர். கட்டணம் இல்லை, நலம் பெற்று ஊர் திரும்பும் பெண்ணுக்குப் புத்தாடை ஒன்றும் தரப்படும். ரெஜினால்டு 1993-இலும் கேதரின் 2020-இல் தம் 96-ஆம் வயதிலும் மறைந்தனர். அதற்குள் 60,000-க்கு மேற்பட்ட பெண்கள் அங்கும் அதன் கிளைகளிலும் மருத்துவம் பெற்றிருந்தனர்.

அவர்களுள் ஒருவர் மாமிட்டு காஷே. பதினாறு வயதை ஒட்டி நான்கு நாள் நோவுற்றுக் குழந்தையை இழந்து, 1962-ஐ ஒட்டி மருத்துவமனை வந்தார். எழுத்தறியாதவர். முற்றும் குணமாகாத நிலையில், படுக்கை விரிப்பு மாற்றும் பணியில் சேர்ந்தார். பின்னர் அறுவைக் கூடத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். கண்டு கண்டு கற்றார். ஒரு நாள் தாமே தைத்தார். மருத்துவக் கல்லூரியின் வாயிலை மிதியாத அவர், பட்டம் பெற்று வந்த மருத்துவர்க்கே இவ்வறுவையைக் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார். இலண்டன் அறுவை மருத்துவர் அரசக் கழகம் 1989-இல் ஹாம்லின் தம்பதியரோடு அவருக்கும் பொற்பதக்கம் அளித்தது.

அறுவை எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. பத்தில் எட்டு, ஒன்பது புழைகள் மூடுகின்றன. மூடிய பின்னும் சிலருக்கு ஒழுக்கு நிற்பதில்லை. அத்தகையோர்க்கென அடிஸ் அபாபாவை அடுத்து 'தெஸ்தா மெந்தர்', அதாவது மகிழ்ச்சிச் சிற்றூர், அமைக்கப்பட்டது. நைஜீரியாவின் கட்சினா நகரில் கீஸ் வால்டைக் என்னும் நெதர்லாந்து மருத்துவர் வேறொன்றையும் காட்டினார். பேறு முடிந்த உடனேயே நோயாளி வந்துவிட்டால், சிறுநீர்ப்பையில் இரப்பர்க் குழாயைச் செருகிச் சில வாரம் வடியவிட, சிறு புழைகள் பல அறுவையின்றியே மூடிவிடும். குழாயின் விலை அற்பம். கடினம் எல்லாம் பெண் உடனே வந்து சேருவதில்தான்.

வருமுன் காக்கும் வழிகளுள் ஒன்று மலேசிய வாசகர்க்கு அண்மையானது. நோவு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு முன்னேறுகிறது என்பதை ஒரு தாளில் கோடிட்டுக் காட்டும் பேறுகால வரைபடத்தை, அக்காலத்துச் சாலிஸ்பரி, இக்கால ஹராரே, நகரில் பில்பாட், காசில் என்னும் மருத்துவர் இருவர் 1972-இல் வெளியிட்டனர். அதில் எச்சரிக்கைக் கோடு ஒன்று. நான்கு மணி நேரம் தள்ளிச் செயற்கோடு ஒன்று. புள்ளிகள் முதற்கோட்டைக் கடந்தால் மருத்துவச்சி பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். மருத்துவர் அரிதான நாட்டில், மருத்துவச்சியின் கையில் ஒரு தாளே அறிவுரை சொல்லும் ஏற்பாடு இது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990, 1991 ஆண்டுகளில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 35,484 பெண்களைக் கொண்டு இதனை ஆய்ந்தது. நோவு அளவுக்கு மீறி நீண்டோர் நூற்றுக்கு 6.4-இலிருந்து 3.4 ஆகக் குறைந்தனர். ஆப்பிரிக்காவில் பிறந்த கருவி தென்கிழக்கு ஆசியாவில் தேர்வுற்று உலகெங்கும் சென்றது. 2020-இல் அந்நிறுவனம் இதனைத் திருத்திப் புதிய வடிவில் வெளியிட்டது.

எதியோப்பியாவின் கணக்கெடுப்புகளும் மாறுதலைக் காட்டுகின்றன. 2000-ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஐந்து பேறுகளே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன; 2016-இல் 26; 2019-இல் 48. ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்க மாண்ட தாய்மார் 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் 871. 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் 412. எனினும் 2020 நவம்பரில் மூண்ட டிக்ரே போர் அவ்வட்டாரத்து மருத்துவ நிலையங்களுள் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. கட்டி எழுப்ப இருபது ஆண்டு; இடிக்க இரண்டே ஆண்டு.

2007-இல் ஹாம்லின் பெயரால் மருத்துவச்சியர் கல்லூரி தோன்றிற்று. சிற்றூர்ப் பெண்களையே தேர்ந்து, நான்கு ஆண்டுகள் பயிற்றி, அவர்கள் வட்டாரத்திற்கே இருவர் இருவராக அனுப்புகின்றனர். மலைப்பாதையில் தோளிற் சுமந்து வரவேண்டிய தொலைவில் இருப்போர்க்கு, மருத்துவமனையை அடுத்தே காத்திருக்கும் இல்லங்களும் உள. அத்தாத் மருத்துவமனையில் 1976-இலேயே அத்தகைய இல்லம் தொடங்கிற்று. புழை நீங்கிய பெண் மறுமுறை கருவுற்றால் சிசேரியனே தக்கது. தைத்த இடம் மீண்டும் நோவைத் தாங்காது. ஆதலின் அத்தகையோர் பேறுகாலத்திற்குச் சில வாரங்கள் முன்னரே வந்துவிடுதல் வேண்டும். வீட்டார் கொண்டுவரும் தானியத்தைச் சமைத்துண்டு, நோவு வரும் நாளுக்காக அவர்கள் அங்கே காத்திருக்கின்றனர்.