கடைக் கேமராவில் 'ஐ' என்ன, 'பி' என்ன?

"500 ரூபாய் நோட்டுத்தானே கொடுத்தேன்" என்பார் வாடிக்கையாளர். "100தான் தந்தீர்கள்" என்போம் நாம். சரி, கேமரா பதிவைப் போட்டுப் பார்ப்போம் என்றால், ஓடும்போது தெளிவாயிருந்த கை, படத்தை நிறுத்தியதும் சீப்புப் பல் போலக் கிழிந்து நிற்கும். பழைய அனலாக் கேமராவில் இது சகஜம்.

நம் நாட்டில் தூர்தர்ஷன் கைக்கொண்ட 'பால்' முறையே (கறக்கும் பால் அல்ல!) இதற்குக் காரணம். அதில் 625 வரிகள். படமாகத் தெரிபவை 576. தாளடி நடவில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நட்டு, திரும்பி வந்து விட்டதை நட்டால் எப்படியோ, அப்படி முதலில் ஒற்றைப்படை வரிகள் 288, அடுத்த 1/50 விநாடியில் இரட்டைப்படை வரிகள் 288. இதுதான் இன்டர்லேஸ்டு, சுருக்கமாக 'ஐ'. படம் சிமிட்டாமலிருக்க 1930களில் கண்ட யுக்தி, குழாய் டி.வி.க்கு நல்ல யுக்திதான். ஆனால் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நீளும் கை, அந்த இடைவெளியில் 2 செ.மீ. நகர்ந்துவிடுகிறதே!

புரோகிரசிவ், அதாவது 'பி' முறையில், எல்லா வரிகளும் ஒரே சமயத்துப் படம். 720பி, 1080பி என்பவை இவை. பழைய கோஆக்சியல் வயரிலேயே ஓடும் 1080பி கேமராக்கள் உண்டு. பதிவுப் பெட்டியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், கேமராவை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கீழவாசல் கடையானாலும் மண்டியானாலும் கல்லா மேல் வெளிச்சம் குறைந்தால் 'பி'யிலும் கை கலங்கும். ஆகவே பணம் கொடுக்குமுன், மாலை விளக்கு வெளிச்சத்தில் ஒருவரை நோட்டை நீட்டச் சொல்லி, பதிவை நிறுத்திக் காட்டும்படி கேளுங்கள்.