படத்தின் கீழே ஒரு வரி

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவர்

தான் கண்டதைப் பிறர்க்குக் காட்ட வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு பிறந்தது. ஊர் சுற்றி வந்தவன் அன்று திண்ணையில் அமர்ந்து கதை சொன்னான். பின்னர்க் கடிதம் எழுதினான். இன்று கைப்பேசியில் படம் எடுத்து, அதன் கீழே ஒரு வரியும் எழுதி, ஊரறிய வெளியிடுகிறான். அந்த ஒரு வரியைத்தான் நாம் ‘கேப்ஷன்’ என்கிறோம். தமிழில் படக்குறிப்பு எனலாம்.

சுற்றுலா சென்று திரும்பிய எந்த வகுப்பை வேண்டுமானாலும் பாருங்கள். படம் எடுக்க ஒரு நொடி. அதன்கீழ் எழுத ஒரு மணி நேரம்! முடிவில் பலர், இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஆங்கில வரி ஒன்றை எடுத்து ஒட்டிவிடுகின்றனர். அவ்வரி ஊட்டிக்கும் பொருந்தும், ஏற்காட்டுக்கும் பொருந்தும், சுவிட்சர்லாந்துக்கும் பொருந்தும். எல்லா ஊருக்கும் பொருந்துவது எந்த ஊருக்கும் உரியதன்று. நகைச்சுவையான படக்குறிப்பு எவ்வாறு பிறக்கிறது? எப்போது அது சிரிக்க வைக்கிறது? எப்போது சுடுகிறது? இவற்றை என் ஊராகிய செம்பரம்பாக்கத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஞ்சலட்டை தந்த பழக்கம்

படத்தோடு சில சொற்களைச் சேர்த்து அனுப்பும் பழக்கம் கைப்பேசியோடு வந்ததன்று. 1869 அக்டோபர் 1 ஆம் நாள் ஆஸ்திரியா-ஹங்கேரி நாட்டில் முதல் அஞ்சலட்டை வெளியிடப்பட்டது. இந்தியாவுக்கு அது 1879 ஜூலை 1 இல் வந்தது, விலை காலணா. பின்னர்ப் படங்கள் அச்சிட்ட அட்டைகள் பரவின. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும் அத்தகைய அட்டைகளை வெளியிட்டது.

தொடக்கக் காலப் பட அட்டைகளில் ஒரு பக்கம் முகவரிக்கு மட்டுமே உரியது. சொல்ல வேண்டிய செய்தியைப் படம் இருக்கும் பக்கத்திலேயே, ஓரத்தில், நுணுக்கி எழுத வேண்டும். 1902 இல்தான் பிரிட்டன், முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் செய்தி எழுத இசைவு தந்தது. ஆகவே படத்தின் ஓரத்தில் சுருக்கமாக எழுதும் கலையை வளர்த்தது இடமின்மையே என்றால் மிகையாகாது.

இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தின் கீழ் 2,200 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது ஓரிரு வரிகளே. மற்றவை மறைந்து நிற்கும். முன்பு அட்டையில் இடமில்லை. இப்போது படிப்பவர்க்குப் பொறுமையில்லை. இரண்டும் நமக்குக் கற்பிப்பது சுருக்கத்தையே. அதே இன்ஸ்டாகிராமின் நிறுவனர்களுள் ஒருவரான கெவின் சிஸ்ட்ரோம், 2010 ஜூலை 16 அன்று ஒரு நாயின் படத்தை வெளியிட்டு, ‘சோதனை’ என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் கீழே எழுதினார்!

படம் சொல்லாதது எது?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன். கேமரா பதிவு செய்வது ஒளியை மட்டுமே. குளிரை அது அறியாது, வியர்வையை அறியாது, பேருந்தில் நின்றுகொண்டே வந்த கால்வலியை அறியாது, அந்தப் பயணத்துக்குப் பணம் எப்படிப் புரட்டினோம் என்பதையும் அறியாது. படம் சொல்லாததைச் சொல்வதே குறிப்பின் வேலை. மலையின் படத்துக்குக் கீழே ‘அழகிய மலை’ என்று எழுதினால், சொன்னதையே திரும்பச் சொன்னதாகும். நகைச்சுவை பிறப்பதும் இந்த இடைவெளியில்தான். கண் ஒன்றைக் காண்கிறது. வரி வேறொன்றைச் சொல்கிறது. இரண்டும் மனத்தில் சந்திக்கும்போது சிரிப்பு வருகிறது.

இதற்குத் தமிழகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2019 மே மாத இறுதியில், பேஸ்புக் பக்கம் ஒன்றில் வெறும் சுத்தியலின் படத்தைப் போட்டு, ‘உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன?’ என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், 2001 இல் வெளிவந்த ‘பிரண்ட்ஸ்’ திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று உண்மைச் செய்தி போலவே பதில் எழுதினார். உடனே ‘நேசமணி நலம்பெற வேண்டுவோம்’ என்னும் குரல் டுவிட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்துவிட்டது. படமோ சாதாரணச் சுத்தியல். சிரிப்பெல்லாம் அதன்கீழ் முகம் மாறாமல் சொன்ன பதிலில் இருந்தது.

கைகொடுக்கும் அணிகள்

இத்தகைய வரிகளை எழுத நமக்குக் கருவி இல்லையா? உண்டு. தமிழ் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அணியிலக்கணமே அக்கருவி.

முதலில் சிலேடை. ஒரு சொல் இருபொருள் தருவது. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் அடக்கிய காளமேகப் புலவர் இதில் மன்னர். ஊட்டிக்குச் சென்றபோது எடுத்த படத்தின் கீழே நான் எழுதிய வரி இது: ‘எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி: ஊட்டியில், எட்டு டிகிரி.’ எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதை அறிந்தவர்க்கு இவ்வரியின் இருபொருளும் விளங்கும். என் தாயார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “குளுருக்குக்கூட டிகிரி குடுக்கறாங்களா? உன்னுதையும் சீக்கிரம் வாங்கிக்கினு வா” என்றார். என் வரியைவிட அவர் மறுமொழியே சிறந்தது என்று நண்பர்கள் தீர்ப்பளித்தனர்.

அடுத்தது தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதன்மேல் நம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. எங்கள் ஏரியில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரையைப் படமெடுத்தால், ‘பூந்தமல்லி பஸ்ஸுக்காக நிற்கிறது’ என்று எழுதலாம். காலை எட்டு மணிக்கு அந்தப் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், நாரையைத் தம் உறவினராகவே கருதுவார்கள்.

மூன்றாவது வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வது போலப் பழிப்பது. போக்குவரத்து நெரிசலில் எடுத்த படத்துக்கு, ‘அருமையான நெடுஞ்சாலை. நின்று நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் தந்தது’ என்று எழுதலாம்.

இறுதியாக, பெரியதைச் சிறியதோடு முடிச்சுப் போடுதல். மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கும் ‘வெண்ணெய் உருண்டை’ப் பாறையைத் தள்ளுவதுபோல் நில்லாத சுற்றுலா மாணவர் உண்டோ? அப்படத்துக்கு ஏற்ற வரி: ‘பல்லவர் காலத்து அரியர், இன்னும் கிளியர் ஆகவில்லை.’

இவ்வரிகளுள் எதையும் வேறு ஊர்ப் படத்துக்கு மாற்றி ஒட்ட முடியாது என்பதைக் கவனியுங்கள். ஆட்களும் இடமும் அவற்றில் பிணைந்துள்ளன.

ஒரே ஏரி, இரண்டு முகங்கள்

இனி எங்கள் ஊருக்கு வருவோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்று. இதன் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து கடலுக்குச் செல்கிறது. ஏரி நிரம்பினால் மதகருகே படமெடுக்கக் கூட்டம் கூடும். நுரை பொங்கும் நீர் படத்துக்கு அழகுதான். ஆனால் அதன் கீழே எழுதும் வரி எளிதானதன்று.

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கனஅடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு எட்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர்! 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 68, ஒவ்வொரு விநாடியும் கவிழ்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. மற்ற ஏரிகளின் உபரிநீரும் மழைநீரும் அதனோடு சேர்ந்தன. அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றங்கரைப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

நான்கே ஆண்டுகளில் காட்சி மாறியது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவ்வாண்டு ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வறண்ட ஏரியில் எடுத்த படத்துக்கு இப்படி ஒரு வரி எழுதலாம்: ‘ஏரியைப் பார்க்க வந்தோம், ஏரி வெளியூர் போயிருக்கிறது. ரயிலில் திரும்புகிறதாம்.’ இதில் சிரிப்பு இருக்கிறது. குடத்தோடு வரிசையில் நின்றவரும் சேர்ந்து சிரிப்பார். ஏனெனில் எழுதியவரும் அந்த வரிசையில் நின்றவரே.

மதகு திறந்த படத்தின்கீழ், ‘சென்னைவாசிகளே, நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால்? இதுவும் சொல்விளையாட்டுதான். ஆனால் எழுதியவர் கரைமேல் நிற்கிறார்; கேட்பவர் கரைக்குக் கீழே இருக்கிறார். அனகாபுத்தூரில் வாழும் என் அத்தை 2015 இல் வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, தையல் இயந்திரம் மூன்றையும் வெள்ளத்தில் இழந்தவர். மழைக்காலத்தில் இத்தகைய படம் கைப்பேசியில் வந்தால், அவர் முதலில் பார்ப்பது நுரையை அன்று, தேதியை. தேதி இல்லாவிட்டால் எனக்குப் போன் செய்து, “ஏம்பா, இன்னிக்குத் தொறந்துட்டாங்களா?” என்று கேட்பார். நான் ஏரிக்கரைவரை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை அவர் உறங்குவதில்லை.

2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலின்போது மதகுகள் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் விடப்பட்ட நீர் விநாடிக்கு 1,000 கனஅடியே. 29,000 எங்கே, 1,000 எங்கே! ஆனால் படத்தைப் பார்த்து இந்த வேறுபாட்டை யாரால் அளக்க முடியும்? பழைய ஆண்டின் படத்தை எடுத்து ‘இன்று’ என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினால் போதும். ஆற்றங்கரை முழுவதும் மூட்டை கட்டத் தொடங்கும். சொல் சிறிதாயினும் அதன் சுமை பெரிது.

எழுதுமுன் மூன்று கேள்விகள்

எனவே நண்பர்களே, பயணப் படத்தின் கீழ் எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். ஒன்று: இவ்வரி இந்த இடத்துக்கு மட்டும் உரியதா? இரண்டு: இந்தச் சிரிப்பில் அந்த ஊர்க்காரரும் பங்கு கொள்வாரா? மூன்று: படம் எடுத்த நாளை மறைத்துவிட்டோமா? முதற்கேள்வி வரியைச் சிறக்கச் செய்யும். இரண்டாவது எழுதுபவரைச் சிறக்கச் செய்யும். மூன்றாவது ஒருவருடைய இரவுத் தூக்கத்தைக் காக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுதுவது குற்றமன்று. நாம் அதைக் கற்கத்தான் வந்திருக்கிறோம். ஆயினும் நம்மைப் பயணத்துக்கு அனுப்பி வைத்தவர்கள் பலர், நம் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். சுற்றுலாக் கட்டணத்தைத் தந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல என்னா எழுதியிருக்கு?” என்று பக்கத்து வீட்டாரைக் கேட்கும் நிலை வேண்டாம். அவர் படித்துச் சிரிக்கும் வரி ஒன்றை நம்மால் எழுத முடியும். காளமேகத்தின் மொழியில் அதற்குச் சொற்பஞ்சம் இல்லை.

அடுத்த சுற்றுலா எவ்வூருக்கோ, அறியேன். ஆனால் அங்கே எடுக்கும் படத்தின்கீழ் நம் சொந்த வரி ஒன்று நிற்கட்டும்; அதன் ஓரத்தில் தேதியும் நிற்கட்டும்!