சிறு விமானத்துக்கு ஏற்ற கமரா

1909 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள சென்ரோசெல்லே வெளியில் வில்பர் றைற் தமது விமானத்தைச் செலுத்திக் காட்டினார். அவ்வமயம் படப்பிடிப்பாளர் ஒருவரும் அவருடன் வானிற் சென்றார். பறக்கும் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட முதற் சலனப்படம் அன்று பிறந்ததெனக் கொள்வர். கீழே ஓடி மறையும் நிலக்காட்சியை இன்றும் அப்படத்திற் காணலாம்.

அன்று பெருமுயற்சியாக இருந்தது இன்று எளிய காரியமாகிவிட்டது. உள்ளங்கையுள் அடங்கும் கமரா ஒன்றை விமானியறையிற் பொருத்திக்கொண்டு பறப்போர் தொகை மேனாடுகளிற் பெருகியுள்ளது. எனினும், கமராவை விற்போர் புகழ்ந்துரைக்கும் குணங்கள் வேறு. விமானியறை வேண்டிநிற்கும் குணங்கள் வேறு. இவ்விரண்டும் முரண்படும் இடங்கள் சில உள. அவற்றை அறியாது பொருளைச் செலவிட்டவன் ஈற்றிற் பெறுவது, நடுங்கும் அடிவானமும் வாசிக்க முடியாத கருவிப்பலகையுமேயாம்.

கமராவைத் தெரிவதற்கு முன் தெளியவேண்டியது அதன் பயன் யாது என்பதே. மேகங்களையும் மலைகளையும் உறவினருக்குக் காட்டுதல் ஒரு பயன். பறக்கப் பழகுபவன் தன் பிழைகளைத் தானே கண்டு திருந்துதல் மற்றொரு பயன். பின்னையதன் அருமையை ஓர் உதாரணத்தால் உணரலாம். 1956 ஆம் ஆண்டு தொடக்கம் 44,000 க்கு மேற்பட்டு உற்பத்தியாகிய செஸ்னா 172 என்னும் நான்கிருக்கை விமானம், இறங்குகையில் ஏறத்தாழ மணிக்கு 65 கடல்மைல் வேகத்தில் ஓடுபாதையை அணுகும். மாணவன் தான் அவ்வேகத்திலேயே வந்ததாக மனமார நம்புவான். பதிவான படமோ வேகமானியின் முள் 75 இல் நின்றதைக் காட்டும். பத்துக் கடல்மைல் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் இயக்கசத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாதலின், விமானம் அடக்கவேண்டிய சத்தி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடிவிடுகிறது. குறுகிய ஓடுபாதையில் அப்பங்கே விமானத்தை வேலிக்கப்பாற் கொண்டுசெல்லப் போதுமானது. நினைவு தன்னையறியாமலே தன்னை ஏமாற்றும். கமரா அங்ஙனம் செய்வதில்லை.

ஆகவே கருவிப்பலகையின் முட்கள் படத்தில் வாசிக்கத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். ஈண்டுத்தான் விளம்பரம் வாங்குவோனை வழிதவறச் செய்கிறது. அகன்ற காட்சியைத் தரும் வில்லையும் மிகுந்த படப்புள்ளிகளும் இருப்பின் யாவும் தெளிவாகும் என்று கருதுவர். கணக்கோ வேறு கூறுகிறது. கருவிப்பலகைக்கு ஒரு மீற்றர் பின்னே, விமானியின் தோளருகே கமரா நிற்பதாகக் கொள்வோம். 120 பாகை அகலம் காணும் வில்லையாயின், அது பலகையிருக்கும் தூரத்தில் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் அகலத்தைத் தன்னுட் கொள்ளும். செஸ்னாவின் உள்ளகலமோ ஒரு மீற்றரளவே. எஞ்சிய புள்ளிகள் கதவுகளிலும் சாளரங்களிலும் வீணாகும். குறுக்கே 3,840 புள்ளிகள் கொண்ட உயர்தரப் படத்திலும், 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வேகமானிக்கு 90 புள்ளிகளுக்கு மேற் கிடையா. 70 பாகை மட்டும் காணும் வில்லையை இட்டால், அதிற் பாதியளவாகிய 1,920 புள்ளிகள் கொண்ட சாதாரண படத்திலேயே அவ்வேகமானிக்கு 110 புள்ளிகள் கிடைக்கும். விலையுயர்ந்த கமராவிலும் பொருத்தமான வில்லை மேலானது என்பது இதனாற் பெறப்படும். அன்றியும் மிக அகன்ற வில்லை அடிவானத்தை வில்லென வளைத்து, ஓடுபாதையைத் தொலைவிலுள்ள சிறு கோடாகக் காட்டும். இறங்கும் கோணத்தை அதைப் பார்த்து ஒருவன் கற்க முயல்வானாயின், கல்லாதிருத்தலே நன்று.

அடுத்து வருவது அதிர்வு. செஸ்னாவின் நான்கு உருளை எந்திரம் நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும்போது செக்கனுக்கு 40 சுழற்சிகள் நிகழ்கின்றன. சுழற்சியொன்றுக்கு இரண்டு உருளைகள் வெடிப்பதால், விமானத்தின் உடல் செக்கனுக்கு 80 முறை உதைக்கப்படுகிறது. இவ்வுதையை மனித உடல் விரைவில் மறந்துவிடும், கமரா மறவாது. இக்காலச் சிறு கமராக்களிற் பெரும்பாலானவை ஒரு படத்தை முழுவதும் ஒரே கணத்திற் பிடிப்பனவல்ல. ஒளியுணர் தகட்டின் மேல்வரிசை தொடங்கிக் கீழ்வரிசை வரை வரிசைவரிசையாக வாசிக்கின்றன. அவ்வாசிப்புக்குச் செக்கனில் 60 இல் ஒரு பங்கு எடுக்குமாயின், அதற்குள் விமானம் ஒரு முறைக்கு மேல் அதிர்ந்துவிடுகிறது. எனவே நேராக நிற்கும் சாளரச் சட்டம் படத்திற் பாம்புபோல நெளியும். முழுக்காட்சியும் பாகுபோலத் தளதளக்கும்.

வரிசையாக வாசிப்பதன் கேடு இக்காலத்தது மட்டுமன்று. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், பிரான்சிய நாட்டு ஜாக் ஆன்றி லார்த்திக் என்னும் இளைஞர் விரைந்தோடும் பந்தய மோட்டார் வண்டியொன்றைப் படம்பிடித்தார். அவருடைய கமராவின் துணித்திரை செங்குத்தாக மெதுவாக நகர்ந்தமையால், சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாகவும், நின்றிருந்த மக்கள் எதிர்ப்புறம் சாய்ந்தவராகவும் பதிவாயினர். அப்படத்திற் குறையே அழகாயிற்று. விமானியறையில் அவ்வாறு ஆவதில்லை. முன்னே சுழலும் விசிறியின் இதழ்கள் அரிவாள்போல வளைந்தும், அச்சினின்று அறுந்து காற்றில் மிதப்பனபோன்றும் தோன்றிப் பார்ப்போர் கண்ணை உறுத்தும்.

இதற்குப் பரிகாரம் ஷட்டரின் வேகத்தைக் குறைத்தலே. நல்ல வெயிலிற் கமரா தானாகவே செக்கனில் 2,000 இல் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய காலத்தைத் தெரிந்துகொள்ளும். அக்காலத்தில் விசிறி 7 பாகையளவே திரும்புமாதலால், ஒவ்வோர் இதழும் கூர்மையாகப் பிடிபட்டு வளைவு வெளிப்படும். செக்கனில் 60 இல் ஒரு பங்காக அதை நீட்டினால் விசிறி 240 பாகை திரும்பிவிடும். இதழ்கள் இரண்டாதலின் 180 பாகையிலேயே வட்டம் முழுவதும் நிரம்பி, கண் காண்பதுபோன்ற மெல்லிய திரையாக விசிறி மறைந்துபோகும். அங்ஙனம் நீட்டும்போது மிகுந்துவரும் ஒளியைக் குறைக்க, நிறம் மாற்றாது ஒளியை மட்டும் தடுக்கும் சாம்பல்நிற வடிகண்ணாடியொன்றை வில்லைக்கு முன் இடவேண்டும். ஆதலின் அத்தகைய வடிகண்ணாடியை ஏற்கும் அமைப்பும், ஷட்டரின் வேகத்தைக் கையால் நிறுத்தும் வசதியும் கமராவில் உளவா என்று பார்த்தே வாங்குதல் தகும். இவையாவும் விசிறியை நோக்கி நிற்கும் கமராவுக்கேயன்றி, பக்கச் சாளரத்தை நோக்குவதற்கு வேண்டுவனவல்ல.

வடிகண்ணாடிகளுள் ஒன்றை மட்டும் விமானியறையில் விலக்குதல் நன்று. கடற்கரையிலும் மலையிலும் கண்கூச்சத்தை நீக்கும் முனைவாக்க வடிகண்ணாடியே அது. விமானத்தின் முன்கண்ணாடி பெரும்பாலும் அக்கிரிலிக்குப் பிளாத்திக்காலானது. அதிலுள்ள தகைப்பு, அவ்வடிகண்ணாடியினூடாக நோக்கும்போது வானவில் நிறக் கறைகளாய்த் தெரியும். புதிய விமானங்களிலுள்ள திரவப்பளிங்குத் திரைகளோ, சில கோணங்களில் முற்றாக இருண்டுவிடும்.

நடுக்கத்தை நீக்கும் உறுதிப்படுத்தற் பொறிமுறை தன் கமராவில் உண்டு என்று மகிழ்பவனும் சற்று ஆராய்தல் வேண்டும். கமராவினுள்ளிருக்கும் சுழற்சி உணரியைக் கொண்டு இயங்கும் பொறிமுறை, நடுக்கத்தையும் திருப்பத்தையும் வேறுபிரித்தறியாது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது அது வெளியுலகை அசையாது பிடிக்க முயலும். அதன் பயனாகக் கருவிப்பலகை படத்தில் அங்குமிங்கும் நீந்தும். ஆகவே விமானியறையில் அதனை நிறுத்திவைத்தலே வழக்கம். வில்லையையே அசைத்து உறுதிப்படுத்தும் வகையுமுண்டு. மோட்டார்ச் சைக்கிள் எந்திரங்களின் கடும் அதிர்வு தனது கைத்தொலைபேசிகளின் கமராவைக் கெடுக்கக்கூடுமென்று அப்பிள் நிறுவனம் 2021 இல் அறிவித்தது. விமான எந்திரம் அவ்வகையில் மோட்டார்ச் சைக்கிளுக்கு இளைத்ததன்று. அதிர்வுக்கு உற்ற மருந்து, இலேசான கமராவும் குட்டையான, விறைப்பான தாங்கியுமே. நீண்ட கைகொண்ட தாங்கி இசைக்கவைபோல அதிரும்.

ஒலியைப் பற்றிச் சில சொற்கள் போதும். எந்திர இரைச்சலில் கமராவின் ஒலிவாங்கி பயனற்றது. சிறு ஒலிவாங்கியொன்றைத் தலைப்பேசியின் காதுறைக்குள் வைத்து அதன் வடத்தைக் கமராவோடு இணைத்தால், பயிற்றுநர் கூறுவதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பணிப்பும் தெளிவாகப் பதியும். வெளி ஒலிவாங்கியை ஏற்கும் துளையில்லாத கமராவைப் பயிற்சிக்கென வாங்குவது பாதிப் பாடத்தை இழப்பதாகும். மின்னைப் பொறுத்தவரை, சிறு கமராக்களின் மின்கலம் ஒரு மணித்தியாலமளவிற் சோர்ந்துபோகும். வெயிலில் நிற்கும் விமானத்திலோ சூடேறித் தானே நின்றுவிடும். விமானத்தின் மின்னை எடுப்போர் முதலில் அதன் அழுத்தத்தை அறியவேண்டும். பழைய செஸ்னாக்களில் 14 வோல்ற்று. பிந்தியவற்றில் 28 வோல்ற்று. மோட்டார் வண்டிக்கென விற்கப்படும் மலிவான இணைப்பி பின்னையதிற் கருகக்கூடும். செக்கனுக்கு 60 மெகாபிற்று வீதம் பதியும் கமரா மணித்தியாலத்துக்கு 27 கிகாபைற்று இடத்தை நிரப்பும் என்பதையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியன படத்தின் நன்மைபற்றியன. கமரா விமானியறையில் ஓர் அந்நியப் பொருள் என்பதை மறந்தால் படமெடுப்பவனே எஞ்சான். 2014 பெப்ரவரி 9 ஆம் நாள், பிரித்தானிய ஆகாயப்படையின் வொயேஜர் என்னும் பெருவிமானம் 198 பேருடன் கருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. தலைமை விமானியின் கமரா, கட்டுப்பாட்டுக் கோலுக்கும் ஆசனத்தின் கைதாங்கிக்கும் இடையே கிடந்தது. அவர் ஆசனத்தை முன்னே நகர்த்தியபோது கமரா கோலை முன்தள்ளியது. விமானம் 27 செக்கனில் 4,400 அடி வீழ்ந்தது. பயணிகள் கூரையில் மோதிக் காயமுற்றனர். பெருவிமானத்தில் நிகழ்ந்ததெனினும், கால்மிதிகளும் கோலும் நெருங்கிய சிறு விமானத்துக்கே இப்பாடம் கூடுதலாகப் பொருந்தும். அங்கே 4,400 அடி உயரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒட்டுறிஞ்சி ஒன்றை மட்டும் நம்பாது, கமராவை மெல்லிய கயிற்றாற் கட்டிவைத்தல் இதனாலேயே அவசியமாகிறது. 150 கிராம் நிறையுள்ள கமரா, 9 மடங்கு ஈர்ப்புக்கு ஒப்பான மோதலில் 1.35 கிலோகிராம் நிறைபோலத் தலையைத் தாக்கும். திசைகாட்டிக்கு அருகே காந்தத்தாங்கி வைப்பதும், வெளிப்பார்வையை மறைக்கும் இடத்திற் பொருத்துவதும் ஆகா. இறக்கையில் அல்லது வெளியுடலிற் பொருத்த நினைப்பவர் முதலில் விமானப் பொறியியலாளரையும் நாட்டின் விதிகளையும் நாடவேண்டும்.

கையும் கண்ணும் கமராவை நாடுதல் இதிலும் கொடிது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் வொற்கின்ஸ் அருகே 2014 மே 31 ஆம் நாள் இரவில் செஸ்னா 150 விமானமொன்று வீழ்ந்து இருவர் மாண்டனர். அதில் இருந்த சிறு கமராவின் தகட்டை ஆராய்ந்தபோது, முந்திய பறப்புகளில் விமானியும் உடன்சென்றோரும் கைத்தொலைபேசியாற் தம்மைத் தாமே படமெடுத்தமை தெரியவந்தது. விமானி இருட்டிலும் மேகத்திலும் நிலையுணர்வு இழந்ததே காரணம் என்றும், தாழப் பறக்கையிற் கைத்தொலைபேசியால் நேர்ந்த கவனக்கலைவு அதற்குத் துணைநின்றது என்றும் அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. ஒரே விமானத்தில் இரு கமராக்கள்: கையிலிருந்தது கவனத்தைத் திருடிற்று, எவரும் தொடாது நின்றது உண்மையைக் காத்தது.

அலாஸ்காவில் நிகழ்ந்தது இதனினும் வியத்தகு சான்று. 2013 மார்ச்சு 30 ஆம் நாள் இரவில், தல்கீட்னா அருகே ஒருவரை மீட்டுத் திரும்பிய பொலிசு ஹெலிகொப்ரர் பனிமழையில் வீழ்ந்து மூவரும் மாண்டனர். கூரையிற் பொருத்தப்பட்டிருந்த சிறு பதிகருவி பிழைத்தது. செயற்கை அடிவானத்தைக் காட்டும் கருவியை விமானி பறக்கும்போதே பூட்டிவிட்டமை அதன் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் விமானத்தின் சாய்வை அக்கருவி சரியாகக் காட்டியிருக்க முடியாது. சிதைந்த உலோகத்திலிருந்து மட்டும் இச்செயலை அறிந்துகொள்வது மிக அரிது. அப்பதிகருவி காட்சியழகுக்காக ஆக்கப்பட்டதன்று. செக்கனுக்குச் சில படங்களையே எடுப்பது. மின்வந்தவுடன் தானே இயங்குவது.

தானே இயங்கும் இக்குணமே, விலைப்பட்டியலில் இடம்பெறாத போதிலும், முதலிற் கேட்டறியத்தக்கது. எந்திரத்தை முடுக்குமுன் ஒரு பொத்தானை அழுத்தி, விமானம் நின்றபின் மீண்டும் அழுத்துவதோடு விமானியின் பணி முடியவேண்டும். இடையிலே திரையைத் தொட்டுப் பார்க்கத் தூண்டும் கமரா, எத்துணைச் சிறந்த படம் தரினும், தனித்துப் பறப்பவனுக்கு ஆகாதது. அன்றியும் வாங்கியவுடன் வானிற் கொண்டுசெல்லாது, ஒரு நாள் தரையிலேயே எந்திரத்தை ஓடவிட்டு, பயிற்றுநர் பிரேக்கை அழுத்தியிருக்க, நிமிடத்துக்கு 1,800 சுழற்சியளவிற் பத்து நிமிடம் பதிந்து பார்த்தல் நலம். தாங்கி தளர்வதும், படம் நெளிவதும், வேகமானியின் இலக்கம் மங்குவதும் அங்கேயே தெரிந்துவிடும்.