காரின் வில்லை வீட்டில் மாற்றுதல்

சுன்னாகச் சந்தைக்கு வாழைக்குலையும் வெங்காய மூடையும் ஏற்றிவரும் வாகனங்களின் பின்புறம் எவ்வளவு தாழ்ந்து வருகின்றதென்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். அப்பாரத்தைச் சில்லுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவேயிருந்து தாங்குவது வில். வண்டி பள்ளத்தில் விழும்போது வளைந்தும் சுருங்கியும் இடியை வாங்கிக்கொள்வதும் அதுவே. வில்லின் தன்மையை விளக்கியவர் ஆங்கில அறிஞர் ரொபேட் ஹூக். எவ்வளவு விசை கொடுக்கின்றோமோ அவ்வளவுக்கு வில் நீளும் என்பது அவர் 1678ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் காணப்படும் விதி. சந்தையிலுள்ள விற்றராசு இவ்விதி கொண்டே நிறுக்கின்றது.

எனினும் வில்லுக்கு ஒரு குணமுண்டு. வாங்கிய சக்தியை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டும் பூட்டிய வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் நெடுந்தூரம் துள்ளிக்கொண்டே செல்லும். அத்துள்ளலை அடக்குவதற்காக அமைந்தது அதிர்வு தாங்கி. உள்ளேயிருக்கும் ஒயில் சிறு துவாரங்களினூடாகப் பலவந்தமாகத் தள்ளப்படுகின்றது. துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிப் போய்விடுகின்றது. கராஜ்களில் வில்லையும் தாங்கியையும் சேர்த்து "சொக்" என்று ஒரே சொல்லால் வழங்குவர். அதனால் தாங்கி பழுதாயிருக்க வில்லை மாற்றுவோரும், வில் தளர்ந்திருக்கத் தாங்கியை மாற்றுவோரும் உளர். வீணான செலவுகளுட் பாதி இச்சொற் குழப்பத்தால் வருவது எனலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய ஆங்கிலக் கார்கள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு அவற்றின் வில்லமைப்பும் ஒரு காரணம். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்சில்லுகளுக்கு அவர் வைத்தது இலைவில். அதாவது ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் கட்டிய உருக்குத் தகடுகள். முன்சில்லுகளுக்கு வைத்தது முறுக்குக் கோல். நீண்ட உருக்குக் கோலொன்று முறுகி, முறுக்கு அவிழும் வேகத்தால் வில்லின் தொழிலைச் செய்யும். ஒஸ்ரின் ஏ-40 காரிலே முன்புறம் சுருளி வில்லும் பின்புறம் இலைவில்லும் இருந்தன.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்பரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அமுக்கம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள் அதற்கு இசைந்தன. மண்ணெண்ணெய்க் கதையைப் பலரும் சொல்வர். வில்லின் கதையைச் சொல்வோர் குறைவு. செப்பனிடப்படாத வீதியில் ஐவர் ஏறவேண்டிய வண்டியில் ஒன்பதின்மர் ஏறினால் முதலில் தளர்வது வில்லே. இலைவில்லின் இயல்போ பழுதுபார்ப்பதற்கு இடங்கொடுப்பது. முறிந்த தகட்டை மட்டும் கழற்றி, அகலமும் தடிப்பும் ஒத்த வேறொரு வண்டியின் தகட்டை வெட்டிச் சேர்க்கலாம். தட்டையாகிவிட்ட தகட்டைக் கொல்லன் மீண்டும் வளைத்தெடுக்கலாம். புதுப்பொருள் வராத நாட்டில் அது பேருதவி. இலைவில் பழம் பாணியென்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்காலக் கார்களின் முன்புறத்தில் வேறோர் அமைப்பு வந்துவிட்டது. ஃபோர்ட் கம்பனியின் பொறியியலாளர் ஏள் மக்பேர்சன் என்பவர், சுருளி வில்லையும் அதிர்வு தாங்கியையும் ஒன்றாக இணைத்து, நிமிர்ந்து நிற்கும் ஒரே தூணாக அமைத்தார். 1950ஆம் ஆண்டில் அறிமுகமான ஆங்கில ஃபோர்ட் கொன்சல், செஃபயர் ஆகிய வண்டிகளில் அது இடம்பெற்றது. கராஜ்களில் "ஸ்ரட்" என்று சொல்லப்படுவது இத்தூணே. இன்று காங்கேசன்துறை வீதியில் ஓடும் சுசுக்கி அல்ரோ, வகன் ஆர் போன்ற சிறு கார்களின் முன்சில்லுகள் இதன்மேலேயே நிற்கின்றன. இடம் குறைவு, பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. ஆனால் கொல்லனுக்கு இதில் வேலையில்லை. தேய்ந்தால் மாற்றுவதொன்றே வழி.

வாகன இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. கையிலிருந்த காரையே வைத்துக் காப்பாற்றவேண்டியிருந்த அவ்வாண்டுகளில், இவ்வேலையை வீட்டு முற்றத்தில் தாமே செய்யத் துணிந்தோர் உண்டு. துணியலாம். ஆனால் துணியுமுன் அறியவேண்டியது ஒன்றுண்டு.

ஸ்ரட்டிலுள்ள வில், கார் உயர்த்தப்பட்டுச் சில்லு தொங்கும்போதும் ஓய்வு பெறுவதில்லை. மேலும் கீழுமுள்ள இரு தட்டுகளுக்கிடையே அது அமுக்கப்பட்டே இருக்கின்றது. அதனைப் பிடித்து வைத்திருப்பது உச்சியின் நடுவிலுள்ள ஒரேயொரு நட்டு. அதனைக் கழற்றுவதற்காக வில்லை மேலும் அமுக்கவேண்டும். முந்நூறு கிலோ விசையால் 15 சென்ரிமீற்றர் அமுங்கிய வில்லொன்றை எண்ணிக்கொள்வோம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பனம்பழமொன்று 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு சக்தியோடு நிலத்தை அடையுமோ, ஏறக்குறைய அவ்வளவு சக்தி அவ்வில்லினுள் அடங்கியிருக்கும். ஆவணி மாதத்திற் பனையின் கீழ் எவரும் பாய் விரிப்பதில்லை. அத்தகைய பழத்தையே, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், கயிற்றாற் கட்டி வைத்துக்கொண்டு வேலை செய்ய முற்படுகின்றவர்கள் இருக்கின்றார்கள்.

ஆதலால் கயிறும் கம்பியும் இவ்வேலைக்கு உதவா. வில்லை அமுக்குவதற்கென்றே கொளுக்கிகளோடு கூடிய திருகு கருவிச் சோடி உண்டு. அது வாடகைக்கோ இரவலாகவோ கிடைக்காவிடின், கழற்றிய தூணை அப்படியே கராஜுக்குக் கொண்டுசென்று வில்லை மாத்திரம் அங்கே மாற்றுவித்தல் நன்று. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. வில்லும் தாங்கியும் ஏற்கெனவே பூட்டிய முழுத் தூணாக வாங்கக்கூடுமாயின் நடு நட்டைத் தொடவேண்டிய தேவையே எழாது. விலை கூடினும் வீட்டில் வேலை செய்வோருக்கு அதுவே ஏற்றது.

இனி வேலையின் ஒழுங்கு. முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்கவேண்டும். வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கிக் கைவிட்டால் அது ஒருமுறை எழுந்து அடங்கவேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் தாங்கி செத்துவிட்டது. தூணின் மேல் ஒயில் வடிந்திருத்தலும், ரயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருத்தலும் அதே குறிகள். வண்டி ஒருபுறம் தாழ்ந்து நின்றால் வில்லைச் சந்தேகிக்கலாம். இடப்புறம் மட்டும் பழுதாயினும் இருபுறமும் சேர்த்தே மாற்றவேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒழுங்காக நில்லாது.

சுன்னாகத்துச் செம்மண் முற்றம் பயிருக்கு நல்லது, ஜக்குக்கு நல்லதன்று. மழை பெய்த மறுநாள் ஜக்கு அதிற் புதைந்து சாயும். சிமெந்துத் தரை இல்லாவிடின் தடித்த பலகையொன்றை இடவேண்டும். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் குற்றி வைத்து, சில்லு நிலத்திலிருக்கும்போதே அதன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் வண்டியை உயர்த்தவேண்டும். உயர்த்தியதும் இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கவேண்டும். ஜக்கு தூக்குவதற்கே உரியது. துவாரமுள்ள சிமெந்துக் கல்லும், கிணறு வெட்டும்போது கிடைக்கும் சுண்ணக்கல்லும் பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும் முன்னறிவிப்பின்றி வெடித்துவிடும். அவற்றை அடைகொடுத்து ஒருவரும் வண்டிக்கடியிற் புகலாகாது.

சில்லைக் கழற்றியபின், தூணோடு பிணைந்துள்ள பிறேக் குழாயை விடுவித்து, சில்லின் அச்சைத் தாங்கும் பாகத்தைக் கீழிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டும். அது குழாயில் தொங்கினால் குழாய் சேதமாகும். சேதம் அன்று தெரியாது, பிறேக் அழுத்தும் வேறொருநாள் தெரியும். கீழேயுள்ள இரு பெரிய போல்ட்டுகளின் நிலையை ஆணியாற் கீறி அடையாளமிடுவது நன்று. மேலே, பொனற்றைத் திறந்தால் நடு நட்டைச் சுற்றி, பல வண்டிகளில் மூன்று, சிறு நட்டுகள் காணப்படும். கழற்றவேண்டியவை இவையே. நடு நட்டைக் கழற்றுவது வில்லைக் கருவியால் அமுக்கி முடித்தபின்னர்தான்.

அமுக்கும்போது இரு கொளுக்கிகளையும் வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களிற் கொளுவி, இதற்குச் சில திருகு, அதற்குச் சில திருகு என்று மாறி மாறி இறுக்கவேண்டும். ஒன்றை மட்டும் இறுக்கினால் வில் வளைந்து நழுவும். வில் தன் தட்டில் தளர்ந்து அசையத் தொடங்கியதும் நிறுத்தலாம். தூணின் இரு முனைகளுக்கும் நேரே எவரும் நிற்கக்கூடாது. பிள்ளைகள் முற்றத்திலேயே இருக்கக்கூடாது. கழற்றிய பாகங்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கின்மேல் அடுக்கினால் பூட்டும்போது குழப்பம் வராது. புதிய தாங்கியை நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை அமுக்கி இழுத்தபின் பூட்டுவர். உள்ளே புகுந்திருக்கும் காற்று விலகுவதற்காக. வில்லின் முனை தட்டிலுள்ள படியிற் சரியாக அமர்ந்ததா என்று பார்த்தபின்பே கருவியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும்.

வண்டி தாழ்ந்து அழகாகத் தோன்றவேண்டுமென்று வில்லின் ஒரு சுற்றை அறுத்துவிடும் பழக்கம் இளைஞரிடையே காணப்படுகின்றது. வாயுச் சுவாலையாற் சுடுவோருமுளர். சுட்ட உருக்கு பதம் இழக்கும். அறுத்த வில் தட்டில் அமராது. அவ்வண்டியில் ஏறுகின்ற தாய்க்கும் பிள்ளைக்கும் அது தெரியாது.

றப்பர் பொருத்தியுள்ள போல்ட்டுகளை, வண்டி தன் பாரத்தோடு நிலத்தில் நின்றபின்பே முற்றாக இறுக்கவேண்டும்; தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியிருந்து விரைவிற் கிழியும். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவதென்பது தயாரித்தோர் வெளியிட்ட கையேட்டிலுண்டு. முன்சில்லுகளின் சீரமைவைக் கராஜிற் பார்ப்பித்தல் அவசியம். அந்நாள்வரை வேகமாக ஓட்டலாகாது. ஒரு வாரத்தின்பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை பரிசோதிக்கவேண்டும். கழற்றிய பழைய தூண்களில் வாயு நிரம்பியவையும் உண்டாதலால், அவற்றைக் குப்பையோடு சேர்த்து எரிக்காமல் பழைய இரும்பு வாங்குவோரிடம், இன்னதென்று சொல்லியே கொடுக்கவேண்டும்.