விரல்நுனியில் ஓர் உலகம்

பார்வையும் செவியும் இல்லாதவருக்கு உலகமே இருட்டு என்று நினைப்பது நம் அவசர புத்தி. 19 மாதக் குழந்தையாக இரண்டையும் இழந்த ஹெலன் கெல்லர், பேசுபவரின் தொண்டையில் கட்டைவிரலும் உதட்டில் சுட்டுவிரலும் மூக்கோரம் நடுவிரலும் வைத்தே பேச்சைப் பிடித்துக்கொண்டார். 1924இல் வானொலியின் ஒலித்தகட்டைத் தொட்டு பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை அதிர்வாக ரசித்தார். காணாத நிறங்களைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் இரவல் அறிவு என்று குறைசொன்னவர்கள் உண்டு. இருக்கட்டுமே, அணுவைக் கண்ணால் பார்த்துவிட்டா நாம் பேசுகிறோம்? மொழிவழி வரும் அறிவில் பெரும்பங்கு எல்லோருக்கும் இரவல்தான். ஆனால் அந்த மொழியை உள்ளங்கையில் எழுதிக்காட்ட 1887இல் ஆசிரியை ஆன் சல்லிவன் வர வேண்டியிருந்தது. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இரட்டைக் குறைபாட்டைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. பெயர் மட்டும் போதாது, கைவழிப் பேசப் பயின்ற ஆசிரியர்களை அரசு நியமிக்க வேண்டும்.