நின்று பாடுகிறவரும் ஓடிப் பாடுகிறவரும்

அமெரிக்க ஃபுட்பாலில் ஓயாத ஒரு சண்டை உண்டு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக், தன்னைச் சுற்றி ஐந்து தடியர்கள் அரண் கட்ட, உள்ளே நின்று நிதானமாக எறிய வேண்டுமா? இல்லை, தேவைப்பட்டால் பந்தோடு தானே ஓட வேண்டுமா? வேப்பனப்பள்ளி பக்கம் இந்த ஆட்டத்தை யாரும் ஆடுவதில்லை. ஆனால் சண்டை நமக்குப் புதுசு இல்லை, கபடியில் அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்!

நின்று பாடுவதற்கு அனுப் குமாரைப் பாருங்கள். 2014-ல் நடந்த முதல் புரோ கபடி சீசனில் அதிக ரெய்டு புள்ளி அவருக்குத்தான். குதிக்க மாட்டார், முட்டி மோத மாட்டார். எதிராளி அசரும்வரை காத்திருந்து ஒரு போனஸ், இல்லையென்றால் கால்விரலால் ஒரு தொடல், அவ்வளவுதான். ஓடிப் பாடுவதற்கு பவன் செராவத். 2019-ல் பெங்களூரு புல்ஸுக்காக ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே மேட்சில் 39 புள்ளி எடுத்தார். பிடிக்க வந்தவர்களின் தலைக்கு மேலே தாண்டிப் போகிற வீடியோக்கள் நம்ம பசங்க போனில் நிச்சயம் இருக்கும்.

இரண்டும் எப்படி வேலை செய்கிறது என்று புரிய, களத்தை அளந்து பார்க்கணும். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு 6.5 மீட்டர். 3.75 மீட்டரில் பால்க் லைன், அதைத் தாண்டி இன்னும் 1 மீட்டரில் போனஸ் கோடு. அதற்குப் பின்னால் மிச்சம் 1.75 மீட்டர்தான். பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான் கைகோத்து நிற்கிறார்கள். கபடியில் ரெய்டருக்கு அரண் கட்ட ஆளே கிடையாது. முன்னால் இருக்கும் வெற்று இடம்தான் அவருக்கு அரண். சங்கிலி ரொம்ப முன்னேறி வந்தால் ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடலாம், அதனால் அவர்களும் லேசில் வர மாட்டார்கள். அனுப் அந்த இடத்தில் நின்றுதான் 30 வினாடியையும் செலவழிப்பார்.

ஓடுகிறவர் நேரத்தைச் செலவழிப்பதில்லை, எதிராளியின் நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறார். நவீன் குமார் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடியபடியே கையை வீசித் தொடுவதைக் கவனியுங்கள். பிடிக்கலாமா விலகலாமா என்று கார்னர் யோசிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். இதற்குப் பயந்து கார்னர் இன்னும் பின்னால் ஒதுங்கினால் என்ன ஆகும்? போனஸ் கோடு திறந்துவிடும். எதிரே ஆறு பேராவது இருந்தால், ஓட்டத்துக்குப் பயந்த பயமே நின்று எடுக்க வேண்டிய புள்ளியைக் கொடுத்துவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். லாமார் ஜாக்சன் 2019-ல் ஓடியே 1,206 கஜம் எடுத்தார், ஒரே சீசனில் குவார்ட்டர்பேக் ஒருவர் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. அதே சீசனில் டச்டவுனுக்கு அதிகமாக எறிந்தவரும் அவர்தான், 36. அவர் ஓடிவிடுவாரோ என்று ஒரு கண் வைத்திருக்கும் தற்காப்பால் எறிதலை முழுசாகக் காக்க முடிவதில்லை.

அப்போ ஓட்டம்தான் உசத்தியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டத்துக்கான பில் முழங்காலுக்குத்தான் வரும். 2012-ல் சிறந்த புதுமுகமாகத் தேர்வான ராபர்ட் கிரிஃபின், 2013 ஜனவரியில் முழங்கால் போனபின் பழைய ஆட்டக்காரராகத் திரும்பவே இல்லை. ஓட்டமே வராத டாம் பிரேடி 45 வயது வரை ஆடி ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார்.

ஆனால் நின்று ஆடுவதற்கும் ரேஷன் உண்டு. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது டூ ஆர் டை. புள்ளி எடுக்கணும், இல்லையென்றால் ஆள் அவுட். மூச்சே கடிகாரமாக இருந்த சடுகுடு காலத்துப் பொறுமை இந்த விதிக்கு முன்னால் செல்லாது. கைகோத்து ஏழு பேரும் காத்திருக்க, அங்கே கொஞ்சமாவது பாயத் தெரிந்திருக்கணும்.

நம்ம ஊர்ப்பக்கம் இது வெறும் ரசனை விவாதம் இல்லை. ஒரு பையனுக்குக் கபடி என்றால் போலீஸ், ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அதற்குப் பல வருஷம் ஆட உடம்பு தாங்கணும். மண் தரையில் வெறுங்காலோடு பழகியவன், ஷூ போட்டு மேட்டில் இறங்கும்போது கால் சறுக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ளும். வேகமாகத் திரும்பினால் அந்த முறுக்கு முழுசும் முழங்காலுக்குத்தான் போகும். அதனால் என் கட்சி இதுதான்: முதல் இரண்டு வருஷம் காலடி, போனஸ், கால்விரல் தொடல். மேலே தாண்டுவதெல்லாம் தொடையில் வலு ஏறிய பிறகு. பசங்க கேட்க மாட்டார்கள், தெரியும். 39 புள்ளி வீடியோவுக்கு முன்னால் போனஸ் புள்ளியை யார் பார்க்கப் போகிறார்கள்?