சனிக்கிழமை சாயங்காலப் பாடம்

திருநெல்வேலிச் சீமையில் சேகரம் என்றால் ஒரு கோவிலோடு முடிவதில்லை. தலைமைச் சபை ஒன்று இருக்கும், அதைச் சுற்றிப் பல ஊர்ச் சபைகள் இருக்கும். குருவானவர் ஒருவர்தான். அவர் திருவிருந்து கொடுக்க வரும் ஞாயிறு போக, மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துபவர் உபதேசியார். அவரும் இல்லாத நாளில் பள்ளிக்கூட வாத்தியாரோ, வாழை விவசாயியோ, பீடி சுற்றும் அக்காவோ முன்னால் வந்து நிற்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஆட்கள் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவதும் இவர்கள் வீட்டில்தான்.

அந்தக் கதவு ஒருமுறை என் வீட்டுக் கதவாக இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாலிபர் சங்கத்தில் நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். இறந்தது நாலு வயதுக் குழந்தை. குருவானவர் வெளியூரில் இருந்தார். வேதபுத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், எனக்குத் தெரிந்ததையெல்லாம் பேசினேன். பரலோகத்தைப் பற்றிப் பேசினேன். அழக் கூடாது, விசுவாசிகள் இப்படி அழலாமா என்றேன். அந்தத் தாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுகையை அடக்கியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், சபையில் மூத்தவரான ஓர் ஐயா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். "தம்பி, அந்தப் பிள்ளையைப் பெத்தவ அழாம யாரு அழுவா? லாசரு கல்லறைகிட்ட இயேசுவே அழுதாருல்லா?" என்று மட்டும் ஐயா கேட்டார். அந்த அம்மாதான் பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை போனா, முதல்ல பக்கத்துல உக்காருங்க. தண்ணி குடிச்சாங்களான்னு கேளுங்க. பேசுறதுக்கு நேரம் கிடக்கு." என் ஊழியப் பயிற்சி அந்தத் திண்ணையில்தான் தொடங்கியது.

அப்போஸ்தலருடைய நடபடிகள் பதினெட்டாம் அதிகாரத்தில் இதே காட்சி இருப்பதை வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். அப்பொல்லோ வாக்குவல்லவன், வேதம் அறிந்தவன், ஆனால் அவன் அறிந்ததில் ஒரு குறை இருந்தது. அதைத் திருத்தியவர்கள் கூடாரத் தொழில் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். சபை நடுவே அவனை மடக்காமல், தனியே தங்களிடம் சேர்த்துக்கொண்டு எடுத்துச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் கணவனும் மனைவியுமான இரண்டு தொழிலாளிகள், கேட்டுக்கொண்டவனோ பிரசங்கி. இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றைப் புரட்டினாலும் இப்படிக் குருப்பட்டம் இல்லாத ஊழியர்கள்தான் வந்துகொண்டே இருக்கிறார்கள். மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். முதல் தமிழ்க் குருவாக ஆரோன் பட்டம் பெற்றது 1733இல். இடைப்பட்ட காலத்தில் கிராமங்களில் விசுவாசிகளைத் தேடிப்போய்ப் போதித்தவர்கள் உபதேசிமார். ஆரோனே அவர்களில் ஒருவர். பாளையங்கோட்டையில் 1780இல் சபைப் பெயர்ப்பட்டியல் எழுதியபோது அதில் 40 பேர் இருந்தார்கள். அந்தச் சபைக்கு உயிராக இருந்தவர் குளோரிந்தா என்ற விதவைப் பெண். அவர் முயற்சியில் எழுந்த கோவில் 1785இல் பிரதிஷ்டையானது. அங்கே உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது அதற்கும் பிறகு, 1790இல். 1799இல் உருவான முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்தவரும் தஞ்சாவூரில் பயிற்சி பெற்று வந்த உபதேசியார்தான். தாவீது சுந்தரானந்தம் என்று பெயர்.

இதே வரலாற்றில் மனசை அறுக்கும் பக்கமும் உண்டு. தஞ்சை மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கன், தமிழில் அச்சான வேதத்தைத் தானே வாசித்து வழி கண்டவர். உபதேசியாராகிப் பல ஆண்டுகள் உழைத்தவர். 1741இல் அடுத்த தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது அவரை விட்டுவிட்டார்கள். பறையர் குலத்தில் பிறந்தவர் கையால் மற்றச் சாதியார் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற பயம். யாருக்குப் பயிற்சி, யாருக்கு மேடை என்று ஒரு சபைக் கமிட்டி பேச உட்காரும்போதெல்லாம் எனக்கு ராஜநாயக்கன் நினைவு வருகிறது. எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் முன்னால் வரவில்லையோ, அந்தத் தெருவுக்குத்தான் முதலில் போக வேண்டும். கமிட்டித் தேர்தலில் ஜெயிக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் சாவு வீட்டில் உட்காரத் தெரிந்துவிடாது. அப்படி உட்காரத் தெரிந்தவர் பல சமயம் ஓட்டுக் கேட்டே நிற்காதவராக இருப்பார்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தபோது குருவானவர் அல்லர், வொய்.எம்.சி.ஏ. ஊழியர். குருப்பட்டம் பெற்றது 1909இல். 1912இல் தோர்ணக்கல் பேராயரான பிறகு, எழுத்தறிவில்லாத தெலுங்குக் கிராமத்தார் உட்பட ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் சுவிசேஷம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை அவர் சலிக்காமல் வலியுறுத்தினார். கிராம ஆசிரியர்களைப் பயிற்றுவித்தபோது அவர்களுடைய மனைவிமாரும் கூடவே படித்தார்கள். நம் சேகரங்களில் உபதேசியாரம்மா செய்யும் வேலைக்கு இன்றுவரை பெயரும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

வேலையை விட்டுவிட்டு மூன்று நான்கு ஆண்டுகள் செமினரிக்குப் போகக் குடும்பஸ்தர்களால் முடியாது. இதற்கு வழி கண்டது மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா. அங்கே 1963இல் ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரி, மாணவர்களை வரவழைப்பதற்குப் பதிலாக, பாடத்தையே அவர்கள் ஊருக்கு அனுப்பத் தொடங்கியது. வீட்டில் பாடப்புத்தகம் படிப்பது, வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் கூடிப் பேசுவது, படித்ததை அந்த வாரமே சபையில் செய்து பார்ப்பது. இந்த விரிவாக்க இறையியல் கல்வி 1971இல் டாஃப்டீ என்ற பெயரில் பெங்களூரில் வேர்விட்டது. பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, புகையிலைத் தூள் ஒட்டிய விரலால் பாடப்புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் ஓர் அக்காவை நான் பார்த்திருக்கிறேன். வாரக் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்வி: "சுகமாகும்னு ஜெபிச்சோம், ஆகல. அந்த வீட்டுக்கு நான் மறுபடியும் எப்படிப் போவேன்?" அன்றைக்கு நடக்க வேண்டிய பாடம் நடக்கவே இல்லை. ஒன்றரை மணி நேரம் அந்தக் கேள்வியோடுதான் இருந்தோம்.

சில காரியங்களைப் புத்தகம் சொல்லித்தராது. காணிக்கைப் பையை ஒருவர் மட்டும் தனியாக எண்ணக் கூடாது. எண்ணிய இருவரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டில் ஜெபக் குறிப்பாகச் சொன்னதை அடுத்த வீட்டில் ஜெபமாகக்கூடச் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அருகே நிற்பதென்றால் ஐந்து நிமிஷம் போதும். தப்பு நடந்தபின் கூப்பிட்டுச் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். அப்படிச் சொல்ல ஆளில்லாததால், முதல் பிரசங்கத்தோடு ஒதுங்கிப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து ஊர்ச் சபையில் அந்தப் பீடி சுற்றும் அக்கா ஒரு ஞாயிறு பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கோவிலைத் திறந்து, மைக் போடாமல் வாசித்துப் பார்த்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் நீளம்; எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் சின்னக் கோடுகள் போட்டிருந்தார். நேபுகாத்நேச்சார் என்ற இடத்தில் இரண்டு முறை நாக்குச் சிக்கியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த உபதேசியார் ஒன்றும் சொல்லவில்லை, காதருகே கையை வைத்துக் காட்டினார். அக்கா தலையை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிகாரத்தின் தொடக்கத்துக்கே போனார்.